அச்சடித்த அட்டை

"உங்க தம்பி பாடம் நடத்தினா யாருக்காவது புரியுமாம்மா?"

பஸ் டிப்போ மேனேஜர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தம்பி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், அவன் இங்கதானே உட்கார்ந்திருக்கான். அவனையே கேளுங்க."

எத்தனை பேரிடம்தான் இதையே சொல்லித் தொலைப்பது? மருந்துக்கடையில், "இவருக்கு என்ன வேணும்?" என்று என்னிடம் கேட்பார்கள். டாக்டர்கூட என் முகத்தைப் பார்த்துத்தான் அவன் வயிற்றுவலியை விசாரிப்பார்.

பிறந்ததிலிருந்தே அவன் நாக்கும் வலது கையும் அவன் சொன்னபடி கேட்பதில்லை. ஒரு வாக்கியம் முடிக்க ஒரு நிமிஷம் ஆகும். அதற்காக அறிவுமா குறைந்துபோகும்? இடது கையாலேயே டிப்போவின் டிக்கெட் மெஷின் அத்தனையையும் பழுது பார்க்கிறான்.

யார் கேலி செய்தாலும் நான் சண்டைக்குப் போய்விடுவேன். அவன் சிரித்துக்கொண்டே ஓர் அட்டையை நீட்டுவான். 'நான் பேசி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். எனக்கு வேண்டியதும் அந்த நேரம் மட்டும்தான்.'

எட்டு வருஷம் முன்னால் அந்த வரிகளை ஒரு காகிதத்தில் கையால் எழுதி எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான். என்னிடம் நீட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பிரமாதமான யோசனை என்று மறுநாளே ஐநூறு அட்டை அச்சடித்துக்கொண்டு வந்தேன். வாங்கிக்கொண்டான், முகத்தில் சுரத்தே இல்லை. வெட்கப்படுகிறான் என்று விட்டுவிட்டேன்.

இப்போது, புதுக் கண்டக்டர்களுக்கு டிக்கெட் மெஷின் சொல்லிக்கொடுக்கும் வேலை காலி. ஆறு வருஷமாக அவன் ஆசைப்பட்ட வேலை. நேர்காணலுக்கு வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கோபமும் எனக்கு ஆறவில்லை.

மேனேஜர் தம்பி பக்கம் திரும்பினார். "சரி, நீங்களே சொல்லுங்க. முப்பது பேருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீங்க?"

"சார்... நா... நான்..."

"ஆறு வருஷமா மெஷினோடதான் சார் குடித்தனமே. அவனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது."

"முத... முதல்ல..."

"முதல்ல எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துடுவான் சார். பேசவே வேண்டியிருக்காது."

தம்பி என் முழங்கையைத் தொட்டான். எனக்குத் தைரியம் சொல்கிறான் என்று நினைத்தேன்.

உள்ளே வந்ததும் தம்பி கொடுத்த அட்டை மேஜைமேல் இருந்தது. மேனேஜர் அதை ஒருமுறை பார்த்தார். "அம்மா, கொஞ்சம் இருங்க. உங்க தம்பி இன்னும் முடிக்கல."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. யார் யாருக்குப் பாடம் எடுப்பது?

தம்பி பேசினான். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் ஓடியது. மேனேஜர் அசையவில்லை.

"முதல்ல... மெஷினை அவங்க கையில... கொடுத்துடுவேன். தப்பா அழுத்தினாலும்... விட்டுடுவேன். நடுவுல... பேச மாட்டேன். அவங்களே... கண்டுபிடிப்பாங்க. எனக்குக்... காத்திருக்கத் தெரியும் சார்."

இப்படி ஒரு பதில் அவனிடம் இருப்பது எனக்கே தெரியாது.

"திங்கட்கிழமையே ஆரம்பிச்சிடுங்க," என்றார் மேனேஜர்.

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். ஒரே ஒரு அட்டையைப் படித்துவிட்டு அந்த ஆள் என் வாயை அடைக்கிறாரே, இத்தனை வருஷமும் உனக்காக ஊரோடு சண்டை போட்டது யார் என்று கேட்டேன்.

தம்பி நின்றுவிட்டான். அவன் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததே இல்லை. பர்ஸைத் திறந்து, மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரு காகிதத்தை என் கையில் திணித்தான். அன்றைக்குச் சமையலறையில் நீட்டிய அதே கையெழுத்துக் காகிதம்.

"இதை... அன்னைக்கு... உன்கிட்ட..."

"தெரியும்டா, நான்தானே..."

அவன் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். பஸ் ஒன்று வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் காத்திருந்தேன்.

"எல்லாருக்கும்... எழுதல அக்கா. உனக்குத்தான்... எழுதினேன்."