வேட்டி நுனி

பழைய துப்பறியும் நாவல் ஒன்று டிவி தொடராக வந்து முடிந்த மறுநாள், பூங்கா பெஞ்சில் அதே பேச்சுதான்.

"கொலைகாரன் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டி வேட்டி நுனியில துடைச்சாரே, அப்படியே புத்தகத்துல இருக்கிற மாதிரி. நடிகர்னா அவர்தான்" என்றாள் குணசுந்தரி.

"புத்தகத்துல துப்பறிவாளருக்குக் கண்ணாடியே கிடையாதுக்கா" என்று சிரித்தாள் ரெஜினா. "நேத்துதான் மறுபடி படிச்சேன். அது நடிகர் தானாச் சேர்த்தது. அதான் அழகு."

குணசுந்தரி அந்த நாவலைப் படித்ததே இல்லை. அவள் சமைக்கும்போது கணவர்தான் வாசித்துக் காட்டுவார். கடைசி அத்தியாயத்தில் சட்டென்று நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்பார். அவர் தவறிப் பல வருஷமாகிறது.

"அடுத்த கதை எப்ப போடுறாங்க ரெஜினா?" என்று மட்டும் கேட்டாள்.