லேடி ஹாட்லியின் கோட்டு

“கொலை செஞ்சது நீங்கதான், மிஸ்டர் ரூபர்ட்,” என்றாள் மிஸ் அகஸ்டா பிம். குரல் கணீரென்று வந்ததில் அவளுக்கே பரம திருப்தி. காலையில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த வாக்கியம் அது.

லார்க்வுட் மாளிகையின் நூலக அறையில் எல்லோரும் ரூபர்ட் பக்கம் திரும்பினார்கள். அவன் டீக்கோப்பையைத் தட்டில் வைத்தான். சின்ன வயசு, குற்றம் நிரூபணமானால் தூக்குத்தான்.

அவளை யாரும் இங்கே கூப்பிடவில்லை. ‘ஏரியில் தவறி விழுந்து பணிப்பெண் மரணம்’ என்று பேப்பரில் படித்ததும், இது கொலைதான் என்று மோட்டார் சைக்கிளில் ஏறித் தானாக வந்து இறங்கியவள். ஓட்டுப் போடும் அளவுக்குப் பெண்களுக்கு மூளை உண்டா என்று பார்லிமெண்டில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘இல்லை’ என்ற கட்சிக்கு மிஸ் பிம் தன்னால் ஆன உதவியைச் செய்துகொண்டிருந்தாள். போன வழக்கில் போலி பிஷப் என்று தாடியை இழுத்து அவள் பிடித்துக் கொடுத்தவர் அசல் பிஷப்.

“ஆதாரம்?” என்றார் இன்ஸ்பெக்டர் கிரப், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. “இவர் தாடியையும் இழுத்துப் பாக்கப் போறீங்களா?”

“இங்க விஷயம் தாடி இல்ல. கோட்டு.”

விளக்கினாள். லேடி ஹாட்லி வெளிநாட்டில் கணவரை அடக்கம் செய்துவிட்டு, அவர் விட்டுப்போன இந்த வீட்டுக்கு முதல் தடவையாகப் போன வாரம்தான் வந்தாள். துணைக்குப் பணிப்பெண் ஹெட்டி. பெட்டிகளை வண்டியில் அனுப்பிவிட்டு, இருட்டும் நேரத்தில் இருவரும் ஏரிக்கரையோரம் நடந்தார்கள். குளிரில் நடுங்கிய ஹெட்டிக்குத் தன் ரோமக் கோட்டைப் போட்டுவிட்டு எஜமானி முன்னால் வந்துவிட்டாள். மறுநாள் ஏரியில் மிதந்த உடலைப் பார்த்து, “என் ஹெட்டி,” என்று கதறியதும் அவள்தான்.

“அந்தக் கோட்டைப் பாத்து ஏமாந்துட்டீங்க, மிஸ்டர் ரூபர்ட். எஜமானின்னு நினைச்சு வேலைக்காரியத் தள்ளிட்டீங்க. அவங்க போயிட்டா உங்க பெரியப்பா வீடு உங்களுக்குத்தானே?”

“நான் ஏரிக்கு வாத்து சுடப் போனேன், மிஸ். பெரியப்பா கல்யாணம் பண்ணினதே கடலுக்கு அந்தப் பக்கம். இவங்க முகத்தையே நேத்துதான் பாத்தேன். கோட்டு யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நியாயமான கேள்வி,” என்றார் கிரப்.

மிஸ் பிம்முக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. முதுகில் வியர்த்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்.

“நேத்து மாடி வராந்தாவுல நீங்க எதிர்ல வந்தீங்க. லேடி ஹாட்லி சட்டுன்னு சுவர் பக்கம் திரும்பிட்டாங்க. நீங்க தாண்டிப் போற வரைக்கும் குனிஞ்ச தலை நிமிரல. நான் பக்கத்துலயே நின்னேன். அப்படி ஒரு பயத்த நான் பாத்ததே இல்ல.”

கறுப்புப் பட்டில் அமர்ந்திருந்த லேடி ஹாட்லி கைக்குட்டையால் கண்ணை ஒற்றினாள். “அவங்க சொல்றது வாஸ்தவம். அவரைப் பாத்தாலே எனக்கு உதறுது.”

அதோடு முடிந்தது. கிரப் எழுந்து ரூபர்ட்டின் தோளில் கை வைத்தார். “கிளம்பலாம் சார்.”

“எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, மிஸ்,” என்றான் ரூபர்ட். “என்னால முடியாது.”

ஜெயித்த சந்தோஷம் மிஸ் பிம்முக்கு அந்த நிமிஷமே பாதி வடிந்துவிட்டது. அவர்களுக்கு முன்னால் கூடத்துக்கு வந்து மாடிப்படி அருகே நின்றாள். லேடி ஹாட்லியும் பின்னாலேயே வந்து, படிகளைத் துடைத்துக்கொண்டிருந்த இரண்டு வேலைக்காரிகளின் பக்கத்தில் நின்றாள். இன்ஸ்பெக்டர் ரூபர்ட்டை அழைத்துக்கொண்டு வந்தார்.

வேலைக்காரிகள் துணியைப் போட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி நின்றார்கள். வீட்டு ஆண்கள் கடந்து போகும்போது முகத்தைக் காட்டக் கூடாது என்று வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிவிடுவார்கள். மிஸ் பிம்மின் அப்பா வீட்டிலும் இதே கதைதான். சின்ன வயதிலிருந்து தினமும் அப்பாவின் பின்னால் அந்த முதுகுகளைத் தாண்டித்தான் காலை உணவுக்குப் போயிருக்கிறாள். ஒன்றையாவது நின்று பார்த்ததில்லை.

இன்றைக்குப் பார்த்தாள். வரிசையாக மூன்று முதுகுகள். இரண்டில் வெள்ளை ஏப்ரன் முடிச்சு. மூன்றாவதில் கறுப்புப் பட்டு. அவள் இன்ஸ்பெக்டரின் வழியை மறித்தாள்.

“அவரை விடுங்க, இன்ஸ்பெக்டர். நான் மறுபடியும் முட்டாளாயிட்டேன்.”

“அது தெரிஞ்ச விஷயந்தானே,” என்றார் கிரப்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வேலைக்காரிகளை அதட்டும்போது அம்மாவுக்கு ஒரு குரல் வரும். கேட்டாலே மிஸ் பிம்முக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது அந்தக் குரலை அப்படியே எடுத்தாள்.

“ஹெட்டி!”

கறுப்புப் பட்டு விசுக்கென்று திரும்பியது. பணிப்பெண்கள் எஜமானிக்கு வணங்குவதுபோல முழங்கால் தானாக மடங்கியது.

“சொல்லுங்கம்மா.”