தானே அடைத்த வழி

மாலை வெயில் திரையில் படிந்து எழுத்துகளை மங்கலாக்குகிறது. வெளித்தொடர்புக்கு வாசலான கேட்வேயை மாற்றும்போது, புதியதைச் சேர்க்கும் முன்பே பழையதை அழித்துவிட்டாள் நெட்வொர்க் பார்க்கிறவள். வெளியூர் ரத்த வங்கியின் சர்வருக்குள் அவள் போயிருந்ததும் அந்த வழியாகத்தான்; இப்போது சர்வரும் துண்டாகிவிட்டது, அவளாலும் உள்ளே போக முடியவில்லை. இரண்டு நாள் தூங்காத கண்ணைக் கசக்கிக்கொண்டு அங்கிருக்கும் நர்ஸுக்குப் போன் போடுகிறாள். "அக்கா, சர்வர் முன்னாடி உக்காந்து நான் சொல்றத அப்படியே அடிங்க." "இரு, கையுறையக் கழட்டிக்கிறேன். எதிர் கட்டடத்துல ஆபரேஷன் நடக்குது. அங்கேருந்து கம்ப்யூட்டர்ல சீட்டு வந்தாத்தான் ரத்தப் பையத் தர முடியும்." "என்னாலதான்க்கா." "அழுவுறத அப்புறம் வச்சுக்கலாம், சொல்லு." ஐபி, இடம் விட்டு ரூட், இடம் விட்டு ஆட் என்று புது வழியைச் சேர்க்கும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொல்கிறாள். எண்களுக்கு நடுவே, "புள்ளியா, கமாவா?" "புள்ளிக்கா." கடைசித் தட்டலுக்குப் பிறகு போனில் குளிர்சாதன இரைச்சல் மட்டும் கேட்கிறது. "சீட்டு வந்திருச்சு," என்ற நர்ஸ் போனை வைக்காமலே ஓடுகிறாள். தேய்ந்துபோகும் செருப்புச் சத்தத்தை, நாற்காலியில் சாயக்கூடத் தோன்றாமல், இவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.