டயல் என்ன கலரு?

"வாட்ச்சு உங்களுதுன்னா டயல் என்ன கலருன்னு சொல்லுங்க. எடுத்துக்கிட்டுப் போங்க."

விருத்தாசலம் ஜங்ஷன் ஸ்டேஷன் மாஸ்டர் ஆதிநாராயணன் மேஜை டிராயரை மூடிக்கொண்டு கேட்டார். பிளாட்பாரத்தில் கிடந்ததென்று பெருக்குகிற மாரியம்மாள் கொண்டுவந்து கொடுத்த வாட்ச் உள்ளே இருந்தது.

எதிரே நின்ற பிரவீன்குமாருக்கு வேர்த்துக் கொட்டியது. "வெள்ளை சார்."

"இல்லை."

"அப்ப மஞ்சளா? சார், ஃபாரின் வாட்ச்சு. அந்தக் காலத்து மாடல் மாதிரியே செஞ்சது. உள்ள மூணு குட்டி வட்டம் இருக்குது. பட்டனை அமுக்கினா பெரிய முள்ளு ஓடும், நிக்கும்."

"அதெல்லாம் கீழே கெடந்தப்ப எட்டிப் பார்த்தவன்கூடச் சொல்லுவான். கலரு?"

"நான் மணி பார்க்கத்தான் சார் அதைப் பார்ப்பேன்! தொண்ணூத்தி மூணுல கல்யாணத்துக்கு மாமனாரு சிங்கப்பூர்லேருந்து வாங்கியாந்து போட்டது. இப்ப கம்மாபுரத்துக்கு அவரு வூட்டுக்குத்தான் போறேன். வெறுங்கையோட போனா, வித்துத் தின்னுட்டேன்னு நெனைப்பாரு சார். மோதிரத்தை ஏற்கெனவே தொலைச்சிட்டேன்."

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இரக்கப்பட்டுத் தூக்கிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு நிஜ சொந்தக்காரன் வந்து நின்றால் யார் பதில் சொல்வது?

அப்போது வாசலில் இன்னொருவர் தலை நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் சாயக்கறை.

"சார், என் பேரு கொளஞ்சிநாதன். செராமிக் கம்பெனியில பீங்கானுக்குக் கலரு கலக்குற வேலை. நானும் அந்த வாட்ச்சு விஷயமாத்தான் வந்தேங்க."

பிரவீன்குமாரின் முகம் வெளிறிவிட்டது. ஆதிநாராயணனுக்கோ ஆவல் தாங்கவில்லை.

"டயல் என்ன கலரு?"

"வெள்ளைன்னு சொல்ல முடியாதுங்க. காய்ச்சின பால்ல ஏடு கட்டுமே, அந்தக் கலரு. குட்டி வட்டத்துல ரெண்டு, காப்பி. மூணாவது, ஒரு சொட்டு பாலு கூட விட்ட காப்பி. பெரிய முள்ளோட நுனி செவப்பு இல்லைங்க, செங்கல்லு. நம்பருங்க கருப்பாட்டம்தான் தெரியும். சன்னல் பக்கம் சாய்ச்சுப் பாருங்க, நீலம் அடிக்கும்."

ஆதிநாராயணன் வாட்சை எடுத்துச் சன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்தார். எண்கள் நீலமாயின. மூன்றாவது வட்டமும் அவர் சொன்னபடியே சற்று வெளுப்பாக இருந்தது. ஒரு மணி நேரமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தன் கண்ணில் இதெல்லாம் படவில்லையே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"அடடே!" என்றார் வாய்விட்டு.

"சார், அது என்னுது சார்!" பிரவீன்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது.

கொளஞ்சிநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆதிநாராயணன் கையமர்த்தினார். "நீங்க இருங்க. தம்பி, போலீசைக் கூப்பிடுறதுக்குள்ள கெளம்பிடு. நாளெல்லாம் கட்டிப் பார்த்தவனுக்குத்தான்யா இவ்வளவு தெரியும்!"

வாட்சைக் கொளஞ்சிநாதனிடம் நீட்டினார். "இந்தாங்க, ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

கொளஞ்சிநாதன் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஐயையோ, எனக்கு எதுக்குங்க? திருச்சியிலேருந்து எதிர் சீட்டுல உக்காந்து இவரு கையைத்தான் கண்ணு வாங்காமப் பார்த்துக்கிட்டு வந்தேன். இவரு இங்க தவிக்கிறதைக் கேட்டுட்டு, வாட்ச்சு இவருதுதான்னு சாட்சி சொல்ல வந்தேங்க!"