மூன்று நாள் பால்

கண் விழித்ததும் சபியா தண்ணீர் கேட்கவில்லை. "நான் மயக்கத்துல ஏதாச்சும் பேசினேனா?" என்றுதான் கேட்டாள்.

வார்டு ஆயா முனியாயி ஈரத்துணியால் அவள் உதட்டை நனைத்தாள். "குளோரோபாரம் குடுத்தா ஊர் வம்பெல்லாம் பேசுவாக. நீ ஒண்ணும் பேசல தாயி, தூங்கு."

அப்போதுதான் சபியாவுக்கு மூச்சு வந்தது. இடது பக்கம் இறுக்கிக் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

புற்று, மாரை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்ன அன்று புருஷன் அப்துல் லத்தீப் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். சபியா அழவில்லை. எடுக்கட்டும், இருக்கிற ஒரே சாட்சி அதுதானே, அதுவும் தொலையட்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. சீ, என்ன பொம்பளை நான் என்று அப்போதே கூசிப் போனாள். நினைப்பு மட்டும் போகவில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. விஷக் காய்ச்சல் மதுரையை வாரிக்கொண்டு போன வருஷம். சபியாவின் தலைப்பிள்ளை அதில் போய் நாலு நாள் ஆகியிருந்தது. பால் மட்டும் நிற்காமல் கட்டிக்கொண்டு வலித்தது.

பக்கத்து வீட்டு சைனப் நினைவில்லாமல் கிடந்தாள். அவளுடைய ஒன்றரை மாதப் பிள்ளை தாவூது, ஆட்டுப்பாலைத் துப்பிவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினான். சபியா தான் கொடுக்கிறேன் என்று போய்க் கேட்டாள். சைனபின் மாமியார் கறாராக மறுத்துவிட்டாள். ஒருத்தி பாலைக் குடித்தால் அவன் அவளுக்குப் பிள்ளை, அவள் பெறுகிற பெண்ணுக்கு உடன்பிறந்தவன். பின்னால் சம்பந்தம் பண்ண முடியாது, மார்க்கத்தில் அது ஹராம் என்றாள். எப்பேர்ப்பட்ட யோசனை பாருங்கள், பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறது!

கிழவி தொழப்போகும் நேரமாகப் பார்த்து சபியா கொல்லைக் கதவு வழியாகப் போனாள். மூன்று நாள். பிறகு சைனப் எழுந்துகொண்டாள், கிழவி மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தாள், சபியாவுக்கு சபுரா பிறந்தாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் அதே சைனப் பூவும் பழமுமாக வந்து தாவூதுக்கு சபுராவைக் கேட்டாள். சபுரா முகம் சிவந்து உள்ளே ஓடினாள். நல்ல பையன், தெரிந்த இடம், ஒட்டுச் சுவர் வீடு. இத்தனை வருஷம் கழித்து எந்த வாயால் சொல்வது? மூன்று நாள் பாலை அல்லாஹ் பெரிசு பண்ணவா போகிறான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சபியா வாயை மூடிக்கொண்டாள். பெருநாள் கழித்து நிக்காஹ் என்று பேசி முடித்தார்கள்.

ஆபரேஷன் ஆன நாலாம் நாள் லத்தீப் மூச்சிரைக்க வந்தார்.

"தாவூதுப் பய நிக்காஹ் வேணாம்னுட்டான் சபியா! தாய்க்கு வந்த சீக்கு மகளுக்கும் வரும்னு பள்ளிவாசல்ல வச்சுச் சொல்றான். கேட்டவுகள்லாம் காறித் துப்புறாக. சைனபே அவன் கன்னத்துல அறைஞ்சிட்டா."

சபியாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அப்பாடா, தப்பித்தேன்! அதற்குப் பிறகுதான் மகளின் முகம் கண்ணுக்கு வந்தது, கோபம் வந்தது. நன்றி கெட்ட பயல், யார் கொடுத்த உசுருடா அது என்று பல்லைக் கடித்தாள். வாய்விட்டுத் திட்டக்கூட அவளுக்கு வழியில்லை.

மறுநாள் காலை தாவூது கஞ்சித் தூக்கோடு வந்து நின்றான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. லத்தீப் அவனை ஏறெடுத்துப் பார்க்காமல் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

முனியாயிக்கு நடந்தது எதுவும் தெரியாது. "வாய்யா, மருமகப்புள்ள!" என்று சிரித்தாள். "ஆபரேஷன் அன்னைக்கு ஐயா தொழுகப் போயிருக்கையில இந்தப் புள்ளதேன் தாயி ஒன் பக்கத்துல உக்காந்திருந்துச்சு. 'தாவு, கெழவி வாரதுக்குள்ள குடிச்சிரு ராசா, யாரும் பாக்கல, குடி'ன்னு அது தலையப் புடிச்சு நெஞ்சோட இழுத்துக்கிட்டு ஒரே கொஞ்சல். விடவே மாட்டேன்னுட்ட."

"பேசலேன்னு சொன்னியே…"

"அது பேச்சா? கொஞ்சுனதுல்ல?" என்றபடி முனியாயி அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சபியாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மாரை எடுத்ததற்குக்கூட அவள் இப்படிக் கூசவில்லை. ஊர் துப்பியதையும் பெற்றவள் அறைந்ததையும் வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை வெளியே விடாமல் இவன் யாரைக் காப்பாற்றினான் என்பது இப்போது விளங்கியது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

தாவூது கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினான். பேச்சு வந்த நாளிலிருந்து அவளை மாமி என்றே கூப்பிட்டுப் பழகிய பிள்ளை.

"ஆறிப்போகும்மா. குடிங்க," என்றான்.

சபியா முந்தானையை விலக்கினாள். தையல் இழுக்க இழுக்க எழுந்து உட்கார்ந்து, வராந்தாவைப் பார்த்துக் கூப்பிட்டாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"என்னங்க, உள்ள வாங்க. இவனை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. இவன் எம் பால் குடிச்ச புள்ள."