தபால் பெட்டியில் தம்பியின் பெயர்

இந்தக் காலத்துச் சனம் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்காது, வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று யோசேப் முணுமுணுக்கிறார். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் நகரத்து மாலை வெயில் அவருடைய தபால் பெட்டியில் சாய்ந்து விழுகிறது. பெட்டியில் பெயர் இல்லாதவருக்கு இங்கே கடிதம் போடமாட்டார்கள். அதனால்தான், போர் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமல்போன மகனின் பெயரையும் தன் பெயருக்குக் கீழே பதினாறு வருடமாக ஒட்டி வைத்திருக்கிறார். காணாமல்போனோர் பற்றிய மனித உரிமை அறிக்கையில் வந்த அந்தப் பெயருக்குச் சொந்த நாட்டு அரசாங்கம் கொடுத்த பதிலை மகள் நிறோஷினி கைபேசியில் வாசிக்கிறாள். "ஸ்ரிபன் காணாமப்போகேல்லையாம் அப்பா. டென்மார்க்கில தகப்பனோட இருக்கிறானாம். எங்கட பெட்டியின்ர படமும் போட்டிருக்கிறாங்கள்." "எந்த அறையில இருக்கிறான் எண்டு கேட்டுச் சொல்லு பிள்ளை, நானும் ஒருக்காப் பாக்க." அவள் சிரிக்கவில்லை. சின்னக் கத்தியொன்றை நீட்டுகிறாள். "பேரைக் கழட்டுவம். வெறும் பெட்டியைப் படமெடுத்து அனுப்பினா நம்புவினம்." "ஆமியிட்டக் கையைப் பிடிச்சுக் குடுத்த தாய் சொல்லியே நம்பாதவங்கள், பெட்டி சொல்லியோ நம்பப்போறாங்கள்?" என்றாலும் கத்தியை வாங்கி ஒட்டுத்தாளின் ஓரத்தில் வைக்கிறார். அது இலகுவாகக் கிளம்புகிறது, பழைய பசை நூலாக இழுபடுகிறது. வெயிலில் மங்க மங்க அவரே பேனாவால் மேலெழுதிய எழுத்துகள் நடுவில் மடிகின்றன. கை நின்றுவிடுகிறது. "அவன் கடிதம் போட்டா?" என்கிறார். கிளம்பிய ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தி, அழுத்தி ஒட்டுகிறார். கத்தியை அவள் கையில் வைத்துவிட்டு, "எழுதுறவங்கள் எழுதட்டும்" என்று வீட்டை நோக்கி நடக்கிறார்.