கூட வருபவர்

வீட்டை விற்றுவிட்டு, ஆயுள் முழுக்க ஊர் ஊராகப் பறக்கும் தம்பதியர் திட்டத்தில் சேர்ந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. கணவர் பிரவீனின் மறதி நோயை ஹரிணி ஒவ்வொரு ஓட்டலிலும் மறைத்தே வந்தாள். இஸ்தான்புல் விமான நிலைய ஓய்வறையில் அவருடைய சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டபடி கெஞ்சினாள்.

“கூட வர்றது யாருன்னு அந்தக் கதவு கேட்டா, ‘ஹரிணி, என் மனைவி’ன்னு சொல்லுப்பா. நீ சொன்னாத்தான் என்னையும் விடும்.”

அவர் தலையாட்டினார்.

விமானத்துக்குப் போகும் கண்ணாடிக் கதவு தமிழிலேயே கேட்டது: “உங்களுடன் வருபவர் யார்?”

பிரவீன் அவளை உற்றுப் பார்த்தார். “தெரியலைங்க. ரொம்ப நேரமா கூடவே இருக்காங்க, பாவம்.”

கதவு அவரை மட்டும் உள்ளே விட்டு மூடிக்கொண்டது. ஹரிணி இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்து அவர் பெயரைச் சொல்லிக் கதறினாள். அவர் திரும்பிப் பார்த்து, மரியாதையாகக் கைகூப்பிவிட்டு, நடந்தார்.